கீமோ மட்டுமில்லை, அதோடு வரும் தொல்லைக்கும் வைத்தியம் இலவசம்தான்

அரச வைத்தியசாலையில், மகரகம புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்‌ஷா உட்பட, கீமோ ஏற்றக் காசு கேட்கமாட்டார்கள் என்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். பக்கவிளைவுக்கான வைத்தியமும் மனதுக்கான ஆலோசனையும் அந்த இலவசத்துக்குள் அடக்கம் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. என் சித்தப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, கைவிறைப்பைப் பற்றி மூன்று கிளினிக்கிலும் வாயே திறக்கவில்லை மனுஷன்.

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் சில நாளைக்குக் குளிர் ஆகாது, ஃபிரிட்ஜில் இருந்து போத்தலை எடுத்தாலே விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும், ஐஸ் தண்ணீர் தொண்டையை இறுக்கும். அது போய்விடும். ஆனால் அடுத்த தடவை வரைக்கும் விறைப்பு நின்று, சட்டைப் பொத்தான் போடவே கஷ்டம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், வைத்தியர் மருந்தின் அளவைக் குறைக்கவோ அந்த மருந்தை நிறுத்தவோ கூடும். மறைத்தால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடலாம். கெப்பசிட்டபின் என்ற கீமோ குளிசை என்றால் வயிற்றோட்டத்தையும் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிவதையும் கவனியுங்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் பனடோல் போட்டுப் பார்ப்போம், கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கவே வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்து. நடுராத்திரி என்றாலும் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்கும் காசில்லை.

சரி, மனசு? 'அமாருய்' (கஷ்டமாக இருக்கிறது) என்பதோடு எங்களில் பலருக்குச் சிங்களம் முடிந்துவிடும், 'இரவில் நித்திரை இல்லை, பிள்ளைகளைப் பார்த்தால் அழுகை வருகிறது' என்பதை அதில் எப்படிச் சொல்வது? அரச அலுவலரோடு தமிழில் பேசி அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நடைமுறையில் சில இடங்களில் ஆள் தேட வேண்டியிருக்கும், அது வேறு கதை. மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிப் புற்றுநோய் வைத்தியரிடமே கேட்கலாம், 'பைத்தியம்' என்று யாரும் எழுதமாட்டார்கள். வீட்டிலிருந்தே பேச 1926 இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

மருந்து இருப்பில் இல்லை என்று வெளியே வாங்கத் துண்டு தந்தால் செலவு கையைக் கடிக்கும். அதற்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது, 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கே போனதோடு சமூக சேவை அலுவலரிடம் நோயாளர் உதவித்தொகை பற்றியும் கேட்டுவிடுங்கள். டயக்னோசிஸ் கார்ட், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி கையில் இருக்கட்டும், ஒரிஜினலை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.