சாயங்காலம் கூடும் அடிவயிற்று வலி

போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "அடிவயிறு கனத்து இழுக்குது டாக்டர். காலையில தேவலை, சாயங்காலமானா தாங்கல. படுத்தா விடுது." கையில் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும், கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் சரி என்று அதில் எழுதியிருக்கும். "உனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள்.

இந்த வலி உண்மையானது. காரணம் இடுப்புக்குழியில் வீங்கிய ரத்தநாளங்களாக இருக்கலாம். சினைப்பையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்களில் ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் உண்டு. கர்ப்பகாலத்தில் இந்த நாளங்கள் நன்றாக விரிகின்றன. இரண்டு மூன்று பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வால்வு சரியாக மூடுவதில்லை. நிற்கும்போது ரத்தம் கீழேயே தேங்குகிறது. இடது நாளம், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரைக்கு நேராகப் போகாமல் சிறுநீரகச் சிரையில் சேர்வதால் இடப்பக்கம் தொல்லை அதிகம்.

இதன் அடையாளங்கள் இவை: ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, நாளெல்லாம் நின்றால் கூடுவது, தாம்பத்திய உறவுக்குப் பின் மணிக்கணக்கில் வலிப்பது, பிறப்புறுப்பிலோ உள்தொடையிலோ ரத்தநாளம் சுருட்டிக்கொண்டு தெரிவது. கடைசி இரண்டையும் கூச்சத்தால் யாரும் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள் அம்மா, அதில்தான் பாதி விடை இருக்கிறது.

சாதாரண ஸ்கேன் படுக்கவைத்து எடுப்பது. படுத்தால் நாளம் சுருங்கிவிடும், அதனால் தவறிப்போகலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் முக்கச் சொல்லியோ நிற்கவைத்தோ பார்த்தால் ரத்தம் கீழ்நோக்கித் திரும்புவது தெரியும். ஆனால் ஒன்று: பிள்ளை பெற்ற பலருக்கு நாளம் வீங்கியிருந்தும் வலியே இருப்பதில்லை. அதனால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), சிறுநீர்த்தொற்று, குடல், முதுகு எல்லாவற்றையும் பார்த்த பிறகே இதுதான் என்று முடிவு செய்கிறோம்.

சிலருக்கு ஹார்மோன் மாத்திரையில் வலி குறைகிறது. குறையாவிட்டால், கழுத்து அல்லது தொடை நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பழுதான நாளத்தை 'காயில்' (coil) என்ற சிறு உலோகச் சுருளை வைத்து அடைக்கலாம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மதுரை, கொச்சி போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள். இந்த வலிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுமுன் "நாளங்களைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.