வெயில் பழக 2 வாரம் வேண்டும்

சித்திரை பிறந்ததும் எங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒரு வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். முப்பதைத் தாண்டிய வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இருக்காது. ஆபீஸில் ஏசி, காரில் ஏசி, படுக்கையறையிலும் ஏசி. ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்கப் போன இடத்தில் தலை சுற்றி விழுந்திருப்பார்கள். கட்டட வேலை பார்க்கும் சித்தப்பா அதே வடத்தைப் பிடித்துவிட்டு நன்றாக இருப்பார். "என் உடம்பு அவ்வளவு மோசமாயிடுச்சா டாக்டர்?" என்று பயந்துபோய்க் கேட்பார்கள். உடம்பு கெடவில்லை, பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது.

தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெக்கையில் உடல் உழைத்தால், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கும். அதில் வெளியேறும் உப்பு குறையும். அதே வேலைக்கு இதயம் முன்போலப் படபடக்காது. சுமார் 2 வாரத்தில் உடம்பு பழகிவிடும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930களிலேயே தொழிலாளர்களை இப்படிப் பழக்கினார்கள். ஆனால் மூன்று, நான்கு வாரம் குளிர் அறையிலேயே கிடந்தால் வந்த பலம் பெரும்பாலும் போய்விடும்.

அதற்காக ஏசியை அணைத்துவிடச் சொல்லவில்லை. முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது உயிர் காக்கும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையே காயாது. அங்கே பழகிய உடம்புக்கும் எல்லை உண்டு. மற்றவர்கள் 18 டிகிரியில் வைத்துப் போர்வைக்குள் சுருள வேண்டியதில்லை. 26, 27இல் வைத்து மின்விசிறியும் போடுங்கள். மாசியிலிருந்தே மாலையில் வியர்க்க நடங்கள்.

மேஸ்திரிகளிடம் கெஞ்சியே கேட்கிறேன். புது ஆளுக்கு முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, அப்புறம் தினமும் ஒரு பங்காகக் கூட்டுங்கள். வேலையிடத்தில் வெயிலுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே போய்விடுகிறார்கள்.

வெயிலில் நின்றவருக்குப் பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ அதைச் சாதாரண மயக்கம் என்று விடாதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் புகட்டாதீர்கள்.