"திடீர்னு குறுக்கே வந்துட்டாரு சார்"

மதுரையில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்த ஆரம்பித்து 18 வருடங்கள் ஆகின்றன. சைக்கிளில் போனவர் அடிபட்ட வழக்கு என்றால், காப்பீட்டு நிறுவனத்தின் கவுன்டர் (எதிர் மனு) கைக்கு வரும் முன்பே அதில் என்ன எழுதியிருக்கும் என்று சொல்லிவிடுவேன். "சைக்கிள் ஓட்டி வந்தவர் எவ்விதச் சைகையும் செய்யாமல் திடீரென்று சாலையின் குறுக்கே திரும்பியதே விபத்துக்குக் காரணம்." டிரைவர் வாயிலிருந்து வரும்போது இதுவே "திடீர்னு குறுக்கே வந்துட்டாரு சார்" என்றாகும். மோதியது லாரியோ காரோ பைக்கோ, பகலோ இரவோ, இந்த வாக்கியம் மட்டும் மாறாது. வழக்கு எண்ணை மாற்றி அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்.

சில வழக்குகளில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான வழக்குக் கட்டுகளில் ரஃப் ஸ்கெட்ச் (சம்பவ இடத்தைப் போலீஸ் வரைந்த படம்), எம்.வி.ஐ. ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை), ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தத் 'திடீர்' ஆட்டம் காணத் தொடங்கிவிடும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மதுரை–திருச்சி நாலுவழிச் சாலையில் கொட்டாம்பட்டிப் பக்கம், மே மாதம், காலை 6:15. ராத்திரி ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 58 வயது மில் வாட்ச்மேனை ஒரு கார் அடித்துவிட்டது. நன்றாக விடிந்திருந்தது. வளைவு இல்லாத நேர் ரோடு. டிரைவர் சொன்னது என்ன என்று நீங்களே யூகித்திருப்பீர்கள்.

வாட்ச்மேனின் இளைய மகன் ஒரு காரியம் செய்திருந்தான். அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு ரோட்டோரம் கிடந்த சைக்கிளைச் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தான். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தப் படங்களில் பின் சக்கரம் எட்டு போட்ட மாதிரி மடங்கிக் கிடந்தது. கேரியரில் மாட்டியிருந்த தூக்குவாளி சப்பையாகியிருந்தது. பெடலுக்கும் முன் சக்கரத்துக்கும் ஒரு கீறல்கூட இல்லை. குறுக்கே வந்த சைக்கிள் என்றால் அடி பக்கவாட்டில் விழும். பெடல் வளையும், நடுச்சட்டம் நெளியும். பின் சக்கரம் மட்டும் மடங்கியிருந்தால் அடித்தது பின்னாலிருந்துதான், அவர் தன் போக்கில் நேராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். காரை மட்டும் பார்த்து எழுதிய எம்.வி.ஐ. ரிப்போர்ட்டிலும் இடது ஹெட்லைட்டும் பானெட்டின் இடது முனையும் சேதம் என்றே இருந்தது. சம்பவ இடத்தில் பிரேக் அடித்த டயர் தடம் எதுவும் இல்லை. (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் தடம் எல்லா நேரமும் விழும் என்று சொல்ல முடியாது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.)

குறுக்கு விசாரணையில் டிரைவரிடம் கேட்டேன்.

"சைக்கிளை முதல்ல எவ்வளவு தூரத்தில் பார்த்தீங்க?"

"மோதினப்போதான் சார் பார்த்தேன்."

"அப்ப அவர் குறுக்கே திரும்பினதை எப்பப் பார்த்தீங்க?"

அவர் பதில் சொல்லாமல் தன் வக்கீல் முகத்தைப் பார்த்தார்.

கணக்கு எளிது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகும். சைக்கிள் மணிக்கு 12 என்றால் விநாடிக்கு 3 மீட்டர் சொச்சம். இரண்டும் ஒரே திசையில் போகும்போது இடைவெளி விநாடிக்கு 19 மீட்டர் அளவில் குறைகிறது. நேர் ரோட்டில் 200 மீட்டர் தூரத்தில் சைக்கிள் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நெருங்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். அந்தப் பத்து விநாடியும் வாட்ச்மேன் காரின் கண்ணாடிக்கு நேர் எதிரேதான் இருந்தார். திடீரென்று வந்தது டிரைவரின் கவனம். அதுவும் கடைசி நொடியில்.

அந்தப் பத்து விநாடி கவனம் எங்கே போயிருந்தது என்பதற்கு என் கட்டுகளில் பெரும்பாலும் மூன்று விடைகள்: செல்போன், தூக்கம், குடி.

செல்போனில் வந்த மெசேஜை ஒரு தடவை குனிந்து பார்க்க மூன்று விநாடி என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் 66 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம் ஆபத்தான ஓட்டுதலுக்கான 184-ஆம் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், ஜெயிலும் உண்டு. போனிலிருந்து அழைப்புப் பட்டியலை அழித்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போலீஸ் கேட்டால் செல்போன் நிறுவனம் தரும் பட்டியலில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் பேச்சு தொடங்கியது என்பது விநாடி சுத்தமாக இருக்கும்.

"நான் ப்ளூடூத்தில்தான் பேசுவேன், கை ஸ்டியரிங்கில் இருக்கும்" என்பவர்களுக்கு என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒத்தக்கடை தாண்டி மேலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஜூனியரிடம் ஒரு வாய்தா விஷயமாகப் பேச்சு, காதில் ப்ளூடூத், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். பின் சீட்டிலிருந்து என் மகள் கத்தினாள்: "அப்பா, அந்தத் தாத்தாவை உரசுற மாதிரி வந்தீங்க!" நான் கேட்ட கேள்வி இன்னும் கூசுகிறது: "எந்தத் தாத்தா?" கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிளில் இளநீர்க் குலையைக் கட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் மண்ணில் இறங்கி நின்றிருந்தார். அவரை அடித்திருந்தால் நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பேன். பொய்யென்று தெரியாமலே சொல்லியிருப்பேன். கண் ரோட்டில் இருந்தாலும் மனசு வாய்தாவில் இருந்தால் எதிரே இருப்பது பதியாது. அன்றிலிருந்து வண்டி ஓட்டும்போது போனை எடுப்பதில்லை. ஜட்ஜே கூப்பிட்டாலும் ஓரம் கட்டிய பிறகுதான்.

குடி விஷயத்தில் ராத்திரியைவிட விடிகாலையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ராத்திரி குடித்தவர்கள் கொஞ்சம் பயத்தோடாவது ஓட்டுகிறார்கள். காலையில் குளித்துவிட்டு வண்டி எடுப்பவருக்கு அந்தப் பயமும் இல்லை. சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்லும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் அது 100 மில்லிக்கு 130, 140 மில்லிகிராம் வரை ஏறலாம். இறங்குவதோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும், அவ்வளவுதான். நள்ளிரவில் குவார்ட்டரை முடித்தவர் காலை 6 மணிக்கும் வரம்புக்கு மேலேதான் இருப்பார். மோரும் எலுமிச்சம் சாறும் காபியும் குளியலும் முகத்தைத்தான் தெளிவாக்கும், ரத்தத்தை அல்ல.

அதே காலை 6 மணிக்குத்தான் பால்காரர், பூ விற்பவர், பேப்பர் போடும் பையன், ஷிஃப்ட் முடிந்த வாட்ச்மேன் எல்லாரும் சைக்கிளில் ரோட்டில் இருக்கிறார்கள்.

நான் சொன்ன கார் முதல் நாள் இரவு திருச்சியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்த் திரும்பியது. டிரைவர் ஸ்டேஷனுக்கு வந்தது காலை 11 மணிக்கு. ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை. குடித்திருந்தாரா என்பது இனி யாருக்கும் தெரியாது. குடிபோதை வழக்கில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியாக வேண்டும் என்கிறது சட்டம். ஆளே ஐந்து மணி நேரம் கழித்து வந்தால் அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதைவிட மோசம், வேறு ஒரு டிரைவர் லைசென்ஸோடு வந்து "நான்தான் ஓட்டினேன்" என்று நிற்பது. அதையும் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம் அடிபட்டுக் கிடக்கும் சைக்கிள்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஏ.ஆர். காப்பியில் டியூட்டி டாக்டர் மது வாடை இருந்தால் எழுதிவிடுவார். அடித்தவருக்குச் சோதனை இல்லை, அடிபட்டவருக்கு மட்டும் பதிவு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லும். வாடை மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நாங்கள் வாதாடுவோம். என் கட்சிக்காரர்களிலும் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டியவர்கள் உண்டு. அவர்களுக்கும் இழப்பீடு வாங்கித் தந்திருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது நினைவிருக்கும். அந்த வழக்கே 'தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு' என்று நம் ஊர் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. மறு வருடமே, சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் போதும், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று ஒவ்வொன்றாகத் தளர்ந்துவிட்டது.

சரி, சைக்கிள்காரர்கள் பக்கம் வருவோம். ராங் சைடில் வருகிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. வருகிறார்கள்தான். நாலுவழிச் சாலை போட்டபோது ஊரை இரண்டாக வெட்டிவிட்டார்கள். வீடு இந்தப் பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். சென்டர் மீடியனில் அடுத்த திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. காரில் போகிறவருக்கு அது மூன்று, நாலு நிமிடம். சைக்கிளில் போய்த் திரும்பி வர இருபது நிமிடம், அதுவும் பஸ், லாரிகளோடு. ஓரமாக எதிர்த்திசையில் வந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சர்வீஸ் ரோடு போடாதவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடிவதில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஓட்டுவதற்கு ஒரு ஓரத்தை ஒதுக்குவதுதான் இன்னும் பாக்கி.

இரவில் ஒரு விஷயத்தைச் சைக்கிள்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். லோ பீமில் காருக்குத் தெளிவாகத் தெரிவது 40 மீட்டர் அளவுதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அதற்குள் நிறுத்திவிடலாம். 80-இல் வருபவர் விழிப்பாகவே இருந்தாலும் பிரேக் பிடித்து நிற்க 65, 70 மீட்டர் ஆகும். பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தால் 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே மினுங்கும். பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இன்னும் நல்லது, ஏறி இறங்கும் வெளிச்சத்தைப் பார்த்ததும் சைக்கிள் என்று தெரிந்துவிடும். உடைந்துபோனால் திரும்பப் போடுங்கள், லாரிக்காரர்கள் ஒட்டும் ஸ்டிக்கரை வாங்கி ஒட்டினாலும் போதும். கார்காரர்களுக்கு இன்னொன்று: ஓரம் நிறுத்தியதும் கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள். டவுனுக்குள் எனக்கு வரும் சைக்கிள் வழக்குகளில் கதவு இடித்தவை கணிசம்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும். தூக்கிக்கொண்டு போகிறவர் போலீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெயர், விலாசம் சொல்லும்படிக்கூட அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. டிரைவர் மீது மது வாடை வந்தால் நூறுக்குப் போன் செய்யும்போதே அதைச் சொல்லுங்கள், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துப் பரிசோதனை கேளுங்கள். குடிபோதையைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் உங்களை வெறுங்கையோடு அனுப்பிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று வந்த தீர்ப்புகள் நிறைய.

அடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. திருத்தப்பட்ட சட்டம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. முப்பது நாள் காரியம் முடியட்டும், வருஷாப்தம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வரும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், சம்பளத்துக்கு ஏதாவது ஆதாரம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அப்புறம் அந்தச் சைக்கிள். ஸ்டேஷனிலிருந்து அது வீட்டுக்கு வந்தால் வாசலில் கிடப்பதைப் பார்க்கவே வேதனையாகத்தான் இருக்கும். வழக்கு முடியும்வரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.