எக்ஸ்ரே நார்மல்தான், மூச்சை எண்ணினீர்களா?

"எக்ஸ்ரே நார்மல்னு எழுதியிருக்காங்க டாக்டர். ஆனா அம்மா ரெண்டு நாளா சாப்பிடல, சம்பந்தமில்லாம பேசுறாங்க."

எழுபதைக் கடந்தவர். காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. மகன் கையில் முந்தைய நாள் எடுத்த ஃபிலிம். அதை வாங்குவதற்கு முன், கடிகாரத்தைப் பார்த்து அந்த அம்மாவின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணினேன். 34, இயல்பைவிட மிக அதிகம். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 89 சதவீதம் என்று காட்டியது, குறைவு. முதுகில் வலப்பக்கம் அடியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், காதோரம் தலைமுடியைத் தேய்த்தது போன்ற நொறுநொறுப்புச் சத்தம். உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே மறுநாள் எடுத்த படத்தில்தான் வெள்ளைத் திட்டு தெரிந்தது. நிமோனியா, அதாவது நுரையீரல் தொற்று.

முதல் படத்தைக் குறை சொல்ல முடியாது. நுரையீரலின் காற்றறைகளில் சீழும் நீரும் சேர்ந்த பிறகுதான் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுக்கும். ஆரம்பத்தில் அந்த அளவு சேர்ந்திருக்காது. இதயத்தின் நிழலுக்குப் பின்னால் இருப்பதும் நேர்ப்படத்தில் தப்பிவிடும். முதியவர்களுக்கோ காய்ச்சலே இல்லாமல், குழப்பமான பேச்சாகத்தான் நிமோனியா பல சமயம் தலைகாட்டும்.

குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோலில் எக்ஸ்ரேயே கிடையாது. இருமலோடு வரும் குழந்தை, 2 மாதம் முதல் 1 வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, 1 முதல் 5 வயதுக்குள் என்றால் 40, அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். அழாத நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். இதை எந்த அம்மாவும் வீட்டிலேயே செய்யலாம்.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு, ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா?" என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. மூச்சும் நாடியும் சீராக இருந்து, காய்ச்சலும் நெஞ்சில் சத்தமும் இல்லையென்றால் நான் எடுக்கச் சொல்வதில்லை. கதிர்வீச்சுக்குப் பயந்து அல்ல. இயற்கையாகச் சில நாட்களில் நம்மேல் படும் அளவுதான் அது. ஏதோ பழைய தழும்பு படத்தில் தெரிந்து, அதற்கு ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்களே என்பதுதான் என் கவலை. புதுத் திட்டாகவே இருந்தாலும், பாக்டீரியாவா வைரஸா என்று படம் சொல்லாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் மட்டும் பேச்சு வேறு: காசநோய்க்காக எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கட்டாயம். அரசு மருத்துவமனையில் இலவசம்.

குணமான பத்தாம் நாளே மறுபடி படமெடுத்து, "திட்டு அப்படியே இருக்கே" என்று பதறி வருபவர்களும் உண்டு. அது மறைய ஆறு வாரம்கூட ஆகும். ஐம்பது தாண்டியவர்களையும் புகை பிடிப்பவர்களையும் அப்போதுதான் மறுபடம் எடுக்கச் சொல்வேன். திட்டு அப்போதும் இருந்தால் புற்றுநோயா என்று தேட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க பழைய ஃபிலிம் வேண்டும். பீரோவுக்கு அடியில் சுருட்டி வைத்துவிடாதீர்கள்.