"சும்மாதான் இருக்கான், மேடம்"

"அவன் வரமாட்டான் மேடம், நான் மட்டும் வந்திருக்கேன்." ஆலோசனைக்கு வரும் அம்மாக்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். படிப்பு இல்லை, வேலை இல்லை, எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. விடிய விடிய போன், விடிந்தபின் தூக்கம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. "என்னப்பா பண்ற?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே.

இப்படி இருப்பவர்களை உலக அளவில் 'நீட்' என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் நான் அதை உச்சரிப்பதில்லை. வீடுகளில் புழங்கும் சொல் "சும்மா இருக்கான்". அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு பையன். பொறியியல் இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றுவிட்டான். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் டிசியும் கல்லூரியில் மாட்டிக்கொண்டன. மீதிப் பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஒரிஜினல் இல்லாமல் வேறு கல்லூரி இல்லை, ஐடிஐ இல்லை, கம்பெனி இல்லை. இதை வீட்டில் சொன்னால் அப்பா கடன் வாங்குவார் என்று பயந்து மூன்று வருடம் சோம்பேறிப் பட்டத்தைச் சுமந்திருக்கிறான். எனக்கே இது நான்காவது சந்திப்பில்தான் தெரிந்தது.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம், பல்கலைக்கழகத்துக்கு நகல், இரண்டும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. ஆறு வாரத்தில் சான்றிதழ்கள் வந்துவிட்டன. அவன் இப்போது அரசு ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான்.

எல்லா முடிச்சும் இப்படி அவிழ்வதில்லை. "படிப்பை முடிச்சிட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு ஏழு அரியரை ஒளித்து வைத்திருப்பவர்கள் உண்டு. "குரூப் 4க்குப் படிக்கிறேன்" என்ற பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களும் உண்டு. 2024 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதற்காகப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வீட்டு அறையில் படிக்காதே, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போய் உட்கார் என்கிறேன். காசு கிடையாது. குளித்து, சட்டை மாற்றி, பஸ் பிடித்துப் போய் நாலு பேரோடு உட்கார வேண்டும். பாதி மருந்து அதிலேயே இருக்கிறது.

வீட்டில் வேலைப் பேச்சை ஒரு மாதம் நிறுத்துங்கள். காலை பத்து மணிக்குள் வெளியே போக ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: பாட்டியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவது, கடை ஷட்டரைத் திறப்பது, எதுவானாலும் சரி. பிறகு ஒரு ஃபைலில் சான்றிதழ்களை அடுக்கச் சொல்லுங்கள். எது குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் இருக்கும். ஆனால் குளிப்பதும் சாப்பிடுவதும் நின்றுபோனாலோ, இருந்து என்ன பயன் என்று பேசினாலோ, ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அந்த ஃபிட்டர் பையனின் அம்மா, சான்றிதழ் வந்த நாளில், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். பையனுக்கு ஓர் அக்கா. பி.எஸ்சி. முடித்து நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறாள். "அவளுக்கென்ன மேடம், சமையல் பார்த்துக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. வரன் பாக்குறோம்."

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, இந்த நிலையில் இருக்கும் இளம்பெண்களின் விகிதம் ஆண்களைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. என்னிடம் கூட்டி வரப்படுபவர்களிலோ பத்துக்கு ஒன்பது பையன்கள். பெண் வீட்டில் இருந்தால் அது யாருக்கும் பிரச்சினையாகத் தெரிவதில்லை. அரசு ஐடிஐயில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

அடுத்த முறை மகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.