'விரும்பும்போது பார்க்கலாம்' என்ற ஒற்றை வரி

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவோடு இணைக்கப்படும் ஒப்பந்தத்தில் குழந்தையைப் பற்றிய பத்தி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நகை, சீர்வரிசைப் பொருள்கள், வீட்டுக் கடன், ஜீவனாம்சம் என ஒவ்வொன்றுக்கும் தேதியும் தொகையும் குறிக்கப்பட்டிருக்க, குழந்தைக்கு மட்டும் இரண்டே வரிகள் ஒதுக்கப்பட்டிருக்கும்: "மைனர் குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். தந்தை விரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்." குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கிய காலத்தில் நானும் இப்படி எழுதிக் கொடுத்தவள்தான். சுமுகமாகப் பிரிகிறவர்களிடம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கணக்குப் பேசுவது அநாகரிகம் என்று அப்போது நினைத்தேன்.

அப்படிக் கையெழுத்திட்ட என் கட்சிக்காரப் பெண் ஒருவர் பதினொரே மாதங்களில் திரும்பி வந்தார். தந்தை 'விரும்பியது' ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நேரத்தில்தான் மகளுக்கு நீச்சல் வகுப்பு. ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அழைத்துச் சென்றவர் ஒரு முறை ஒன்பதரை மணிக்கு வந்தார்; அடுத்த வாரம் கதவு திறக்கப்படவில்லை; அதற்கடுத்த வாரம் இருவரும் காவல் நிலையத்தில் நின்றார்கள். அவர்களில் யாரையும் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தில் நேரம் எழுதப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கஸ்டடி என்ற சொல்லை வெற்றி தோல்வியாகப் பார்க்கும் பழக்கமே இந்த அலட்சியத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன். "குழந்தை யாருக்கு?" என்பது தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்ததாக இருவருமே எண்ணிக்கொள்கிறார்கள். சட்டமோ அந்தக் கேள்வியை அப்படிக் கேட்பதே இல்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் குழந்தையின் நலன் எது என்றே கேட்கின்றன. பின்னதன் 13-ஆம் பிரிவு அந்த நலனே தலையாயது என்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், குழந்தைகள் உடைமைப் பொருள்களும் அல்லர், பெற்றோரின் விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது.

இயற்கைக் காப்பாளர், அதாவது குழந்தையின் சார்பில் முடிவெடுக்கச் சட்டம் ஏற்கும் பெற்றோர், யார் என்பது ஒன்று, குழந்தை யாருடன் வாழ்கிறது என்பது வேறொன்று. 1956 சட்டத்தின் 6-ஆம் பிரிவு தந்தையையும் அவருக்குப் 'பின்' தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. அந்தப் 'பின்' என்பதைத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, அவர் குழந்தையின் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே பிரிவு, ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. இதைப் பாதி மட்டும் படித்துவிட்டு, ஐந்தாவது பிறந்தநாள் முடிந்த மறுவாரமே "இனி குழந்தை எனக்குத்தானே, மேடம்?" என்று கேட்டு வரும் தந்தையர் உண்டு. அந்த வயதைத் தாண்டினால் குழந்தை தானாகத் தந்தையிடம் போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆண் குழந்தை அப்பாவுக்கு, பெண் குழந்தை அம்மாவுக்கு என்பதும், சம்பளம் அதிகம் உள்ளவரிடமே குழந்தையை ஒப்படைப்பார்கள் என்பதும் திண்ணைப் பேச்சுகள். இஸ்லாமியரில் ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் முறைப்படி மகன் ஏழு வயது வரையும் மகள் பருவமடையும் வரையும் தாயின் பராமரிப்பில் இருப்பது வழக்கம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் பொருந்தும். எந்தச் சட்டத்தின் கீழ் மனு வந்தாலும் நீதிபதி கடைசியில் வந்து நிற்பது குழந்தையின் நலனில்தான்.

விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. கருத்தில் கொள்ளலாம் என்பதுதான் அங்குள்ள சொல்; குழந்தை சொன்னதே தீர்ப்பாகிவிடாது. இதை அறியாமல் குழந்தைக்கு ஒத்திகை பார்த்து அழைத்து வருகிறார்கள். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் என் அலுவலகத்தில் நாற்காலி நுனியில் அமர்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, "அப்பா எங்களை உதாசீனப்படுத்துறார், ஆன்ட்டி" என்றான். உதாசீனம் என்பது நான் தயாரித்த மனுவின் நான்காம் பத்தியில் இருந்த சொல். வரைவு மனு வீட்டு மேசையில் கிடந்திருக்கிறது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். தனியறையில் குழந்தைகளிடம் பேசிப் பழகிய நீதிபதிகளுக்கு இத்தகைய சொற்களை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது. அப்படிப் பேசவைக்கப்பட்ட சாட்சியம் பேசவைத்தவருக்கே எதிராகத் திரும்புவதுண்டு. அன்றிலிருந்து வரைவு மனுக்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, குழந்தையின் கைக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

மனு எங்கே தாக்கல் செய்வது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 1890 சட்டத்தின்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றமே அதிகாரம் உடையது. வழக்கு நடக்கும் காலத்தில் இடைக்கால மனுவின் மீது சந்திப்புக்கு உத்தரவு கிடைக்கும். தொடக்கத்தில் அது பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையில், ஓரிரு மணி நேரமாக அமையும். புதிய பொம்மையோடு வந்து, முதல் அரை மணி நேரம் குழந்தை தன் பக்கம் திரும்பவே இல்லை என்று உடைந்து போகும் தந்தையரையும் தாய்மாரையும் அங்கே பார்த்திருக்கிறேன். பொம்மையைவிட, போன முறை பாதியில் விட்ட கதையை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் குழந்தை விரைவில் ஒட்டிக்கொள்கிறது.

சந்திப்பையும் பராமரிப்புத் தொகையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது நான் அன்றாடம் காணும் தவறு. பணம் தராததால் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்பதும், காட்டாததால் பணம் தர மாட்டேன் என்பதும் இரண்டுமே செல்லாத வாதங்கள். பணம் வரவில்லையென்றால், உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு இருக்கிறது. சந்திப்பு மறுக்கப்பட்டால் அதற்கும் அவ்வாறே. பராமரிப்புத் தொகை கோருவதற்கான விதி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமான, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆளை விட்டால் போதும்" என்று மனைவி எழுதிக் கொடுப்பது, குழந்தைக்கு உரியதை விட்டுக்கொடுத்ததாகாது.

பிரிந்த பின்னும் குழந்தையின் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பொறுப்பு முறையைச் சட்டத்தில் சேர்க்கலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆயினும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதினால் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. வெவ்வேறு ஊர்களிலோ நாடுகளிலோ வாழும் பெற்றோருக்குத் தொலைபேசி, காணொலி வழித் தொடர்புக்கும் வகை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் விளக்கியது. வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்கள் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்பதைத் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்படும் குழந்தைகள் தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், ஒரு முறை விமானம் ஏறிவிட்டால் திரும்ப அழைத்து வரும் வழி நீண்டது.

இப்போது ஒப்பந்தம் எழுத வருகிறவர்களிடம் பள்ளி நாள்காட்டியைக் கொண்டுவரச் சொல்கிறேன். அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை, இந்த ஆண்டு பொங்கல் யாரிடம், அடுத்த ஆண்டு யாரிடம், காய்ச்சல் வந்தால் முதலில் யாருக்குச் சொல்வது, அழைத்துவரத் தாத்தா வரலாமா, மதிப்பெண் பட்டியல் இருவருக்கும் போகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது முதலில் எரிச்சல்தான் வரும். ஒப்படைக்கும் இடமாகக் காவல் நிலைய வாசலை எழுதச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். பள்ளி வாசலோ பாட்டி வீட்டு வாசலோ போதும். மூன்று வயதில் எழுதிய ஏற்பாடு பத்து வயதில் பொருந்தாது என்பதால், இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு விவாகரத்துக்குப் பிறகும் உத்தரவை மாற்ற இடம் தருகிறது.

தொடக்கத்தில் சொன்ன தம்பதியின் இரண்டு வரிகள் அப்படித்தான் மூன்றரைப் பக்கங்களாயின. ஞாயிறு காலை 10 முதல் மாலை 6 வரை தந்தையுடன். நீச்சல் வகுப்புக்கு அழைத்துச் செல்வதும் அவர் பொறுப்பு. தாமதமாகும் என்றால் 5.30 மணிக்குள் குறுஞ்செய்தி. அதன்பின் அவர்கள் ஒரே ஒரு முறைதான் நீதிமன்றம் வந்தார்கள். நீச்சல் வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியிருந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மாற்றத்தைச் சொல்லும் கூட்டு மெமோ தாக்கல் செய்தோம். ஒரே வாய்தாவில் முடிந்தது.