கிருமியின் பல்லைப் பிடுங்கும் ஆன்டிபாடி

ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்கள் 2019-ல் மட்டும் நேரடியாகச் சுமார் 12.7 லட்சம் உயிர்களைப் பறித்தன. புது மருந்து வந்தாலும் சில வருடங்களில் கிருமி அதற்கும் பழகிவிடுகிறது. சரி, வேறு பக்கமிருந்து போனால்?

நம் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி, கவட்டைக் குச்சி வடிவில் இருக்கும் ஒரு புரதம். கவட்டையின் இரண்டு நுனிகளும் குறிப்பிட்ட ஒரே இலக்கைத்தான் பற்றும். காம்புப் பகுதி, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களுக்கான கைப்பிடி. ஆன்டிபாடியைத் தயாரிப்பது பி செல் என்ற ஒருவகை வெள்ளணு. ஒரு பி செல் ஒரே வகை ஆன்டிபாடியைத்தான் சுரக்கும். ஆனால் உடலுக்கு வெளியே அந்த செல் சீக்கிரம் செத்துவிடும். 1975-ல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் எலியின் பி செல்லை, ஓயாமல் பெருகும் புற்றுநோய் செல்லோடு இணைத்தார்கள். ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடி வேண்டிய மட்டும் கிடைத்தது. அதுதான் மோனோகுளோனல் ஆன்டிபாடி. இன்று, நோயிலிருந்து மீண்ட மனிதரின் பி செல்லிலிருந்தே மரபணுவை எடுத்து, வேறு செல்களில் வைத்து உற்பத்தி செய்ய முடிகிறது.

ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கக் கிருமி வைத்திருக்கும் நொதிகள் ஆன்டிபாடியிடம் பலிக்காது. சில ஆன்டிபாடிகள் கிருமியைத் தொடுவதுகூட இல்லை. அது கக்கும் நஞ்சை மட்டும் கட்டிப்போடும். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெஸ்லோடாக்சுமாப் அப்படிப்பட்டது. குடலைத் தாக்கும் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் நஞ்சை அது முடக்கியது. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்பி வந்தவர்கள் சுமார் 27 சதவீதத்திலிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. கிருமியைக் கொல்லாததால், அது தப்பிக்க வழி தேடும் நெருக்கடியும் குறைவு.

ஆனால் ஒரே இலக்கு என்ற பலமே இடைஞ்சலும் ஆகிறது. நிமோனியா போன்ற தொற்றுகளைத் தரும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் சர்க்கரை உறையில் மட்டும் 70-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றைப் பிடிக்கும் ஆன்டிபாடி இன்னொன்றைக் கண்டுகொள்ளாது. நோயாளிக்கு வந்திருப்பது எந்த வகை என்று சில மணி நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

அப்புறம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதன் மேல்பரப்பில் புரோட்டீன் ஏ என்றொரு புரதம் துருத்திக்கொண்டிருக்கும். அது ஆன்டிபாடியின் காம்பையே பிடித்துத் தலைகீழாக மாட்டிவிடுகிறது. கவட்டை வெளியே வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும், வெள்ளணு தேடி வரும் கைப்பிடியோ கிருமியின் பக்கம் மறைந்துபோகும். இதற்கும் ஒரு வழி உண்டு. காம்பில் சில அமினோ அமிலங்களை மாற்றி வடிவமைத்தால் புரோட்டீன் ஏ-க்குப் பிடி கிடைக்காது. வெள்ளணுவுக்கு வேண்டிய பிடி மட்டும் அப்படியே இருக்கும்.